ஓரமாய் நிற்கும் நீலப் பெட்டி

கழிப்பறையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். சாப்பாட்டைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள். அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?! அதிலும் இது சாதாரண கழிப்பறை இல்லை. லாரியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் தூக்கிக்கொண்டு போகிற கழிப்பறை. மொபைல் டாய்லெட், ஃபைபர் டாய்லெட் என்று பல பெயர். கட்டட வேலை நடக்கும் இடத்தில், திருவிழா மைதானத்தில், மாநாட்டுப் பந்தலுக்குப் பின்னால் நீலமாகவோ பச்சையாகவோ ஓர் ஓரமாய் நிற்குமே, அதேதான்.

புதிதாக இறங்கும் அன்று அதற்கு நல்ல மரியாதை இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கதவு ஒரு பக்கம் தொங்கும், உள்ளே சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கும். ஆட்கள் பழையபடி முள்ளுக்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள். இது ஏன் இப்படி ஆகிறது, ஆன பிறகு அதை மீட்க முடியுமா, மீட்பது யார் என்பதுதான் விஷயம்.

தேர்வாய் கண்டிகை

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது தேர்வாய் கண்டிகை. ஆந்திர எல்லை பக்கத்திலேயே. ஒரு காலத்தில் ஆடு மாடு மேய்ந்த காடும் ஏரியும்தான் இந்த ஊரின் சொத்து. அந்த மேய்ச்சல் நிலத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. ஊர் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். பூங்கா வந்தது, மிச்செலின் டயர் தொழிற்சாலை வந்தது, பின்னாலேயே மற்ற கம்பெனிகளும் வந்தன. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் வரிசையில் சென்னைக்குக் குடிநீர் தர ஐந்தாவதாகச் சேர்ந்த ஏரி.

ஆக ஒரு பக்கம் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் குடிநீர் ஏரி, நடுவில் ஊர். தொழிற்பூங்கா என்றாலே எங்காவது ஒரு மூலையில் கட்டட வேலை நடந்துகொண்டே இருக்கும். ஷெட் போடுவார்கள், காம்பவுண்ட் கட்டுவார்கள், பைப் புதைப்பார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் சித்தாள் வேலைக்கு வருவார்கள். கட்டி முடிக்காத கட்டடத்தில் கழிப்பறை இருக்காது. அதனால்தான் இந்தப் பெட்டி வருகிறது.

வேண்டுமானால் வைக்கலாம், வேண்டாவிட்டால் விடலாம் என்கிற சமாசாரம் இல்லை இது. 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 33-வது பிரிவு, வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் போதுமான கழிப்பறை வைக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொன்னது. அந்தச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், ஆண், பெண், திருநங்கை ஊழியர்களுக்குத் தனித்தனியாகக் கழிப்பறை ஏற்பாடும் அதன் சுத்தமும் வேண்டும் என்கிறது. 'சுத்தமும்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

வெளிநாட்டுப் பெட்டி, உள்ளூர்த் தண்ணீர்

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவின் லாங் பீச் கப்பல் கட்டும் தளத்தில், தொழிலாளர்கள் கரைக்கு வந்து போவதற்கே நேரம் வீணாகிறது என்று மரத்தாலும் தகரத்தாலும் ஒரு கூண்டு செய்து கப்பலிலேயே வைத்தார்கள், அதிலிருந்துதான் இது பிறந்தது என்று சொல்வார்கள். பிறகு ஃபைபர் கிளாஸ் வந்தது, அதற்குப் பிறகு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வந்தது.

அந்த ஊர்ப் பெட்டியில் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே தொட்டி. பெரும்பாலும் 200 முதல் 250 லிட்டர் பிடிக்கும். அதில் நீல நிற மருந்து கலந்த கொஞ்சம் தண்ணீர். துடைக்கக் காகிதம். பத்துப் பேருக்கு ஒரு பெட்டி, வாரத்துக்கு ஒரு முறை லாரி வந்து உறிஞ்சினால் போதும் என்பது அங்கே உள்ள கணக்கு.

அதே கணக்கை அப்படியே இங்கே கொண்டு வந்தால் என்ன ஆகும்? இங்கே எல்லோரும் தண்ணீர் பயன்படுத்துகிறார்கள். ஒரு தடவைக்குக் கழுவவும் ஊற்றவும் மூன்று லிட்டர் என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போனால் 120 லிட்டர். 250 லிட்டர் தொட்டி இரண்டே நாளில் வாய் வரை வந்துவிடும்! வாரம் ஒரு முறை லாரி என்றால் மீதி ஐந்து நாள்? நீல மருந்தும் அவ்வளவு தண்ணீரில் நீர்த்துப் போய் வேலை செய்யாது. பெட்டி நாறுகிறது என்றால் ஜனங்களுக்குப் பழக்கம் சரியில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு பழக்கத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. இந்த ஊருக்குத் தேவை இந்தியன் டைப் பேன், தனியாகப் பெரிய கழிவுத் தொட்டி, மேலே தண்ணீர்த் தொட்டி, அடிக்கடி வரும் லாரி.

பெட்டி எப்படிச் சாகிறது?

ஒரே நாளில் சாவதில்லை. முதலில் தாழ்ப்பாள் போகும். பத்து இருபது ரூபாய் சமாசாரம். தாழ்ப்பாள் போன அன்றே பெண்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். அடுத்து குழாய் வாஷர் தேய்ந்து மேல்தொட்டித் தண்ணீர் ராத்திரியே ஒழுகிப் போகும். காலையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத கழிப்பறைக்குள் முதலில் போகிறவர் வேறு வழியில்லாமல் போவார், இரண்டாவது ஆள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். மூன்றாம் நாள் குட்கா பாக்கெட், பீடித் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் பேனுக்குள் விழும். அடைத்துக்கொள்ளும். அத்தோடு சரி.

காற்றுக் குழாய் என்று ஒன்று உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. கழிவுத் தொட்டியிலிருந்து கூரைக்கு மேல் வரை நீளும் பி.வி.சி. பைப் அது. கூரைக்கு மேல் காற்று அடிக்கும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றை மேலே இழுக்கும். அதனால் வெளிக்காற்று பேன் வழியாக உள்ளே இறங்கி, நாற்றம் குழாய் வழியாக மேலே போகும். குழாய் முனையில் வலை கட்டியிருந்தால் வெளிச்சத்தைத் தேடி மேலே வரும் ஈ அங்கேயே சிக்கிக்கொள்ளும். 1970-களில் ஜிம்பாப்வேயில் பீட்டர் மோர்கன் என்பவர் கிராமத்துக் குழிக் கழிப்பறைகளில் இதைச் செய்து காட்டினார். மின்சாரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஆனால் லாரியில் ஏற்றி இறக்கும்போது முதலில் உடைவது இந்தக் குழாய்தான். கூரை மட்டத்தில் ஒடிந்துவிட்டால் வேலை செய்யாது. யாரும் அதை மாட்டுவதும் இல்லை. உடைந்தது கண்ணில் படாது, மூக்கில் மட்டும் படும்.

கழுவுவதற்கு ஒரு வரிசை

நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தவுடன் உள்ளே போகக் கூடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நிற்க வேண்டும். உள்ளே குளவிக் கூடு இருக்கலாம், பாம்பு இருக்கலாம். அதைவிட முக்கியமாக வாயு இருக்கும்.

கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்ட பிறகு முதல் வேலை, லாரிக் குழாயை விட்டுத் தொட்டியை உறிஞ்சி எடுப்பது. தொட்டி நிறைந்திருக்கும்போது மேலே கழுவினால் எல்லாம் வெளியே பொங்கும். பிளாஸ்டிக் குப்பையை இடுக்கியால் பொறுக்கித் தனியாகப் போட வேண்டும், உள்ளே தள்ளிவிடக் கூடாது. பிறகு கூரை, சுவர், கதவு, கடைசியில் தரை என்று மேலிருந்து கீழே சோப்புத் தண்ணீர் போட வேண்டும். கீழே கழுவிவிட்டு மேலே போனால் அதே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டியதுதான்.

பேனில் மஞ்சளாகக் கல் மாதிரி பிடித்திருக்குமே, அது வெறும் அழுக்கு இல்லை. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியா ஆக்கும். அதனால் காரத்தன்மை ஏறும். ஏறினால் சிறுநீரில் கரைந்திருந்த கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட் எல்லாம் உப்பாகப் படியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் படிவோடு சேர்த்து ஃபைபரின் வழவழப்பும் போய்விடும். அப்புறம் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அமிலம்தான் இதற்கு வழி. சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் பிரஷுக்கே இளகி வரும்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நன்றாகச் சுத்தமாகட்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்தவர்களைக் கொன்ற அதே குளோரின். பிளீச்சிங் பவுடர் அம்மோனியாவோடு சேர்ந்தாலும் குளோரமைன் என்ற நச்சுவாயு வரும். நாலடிக்கு நாலடி பெட்டிக்குள் ஓர் ஆள் குனிந்து நின்று இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஆகவே ஆசிட் வேலை முடிந்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் கிருமிநாசினி. அதுவும் பயோ டாய்லெட் என்றால் பிளீச்சிங் பவுடரே ஆகாது. கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து செத்துவிடும்.

பழுது பார்ப்பது

முதலில் பெட்டி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் என்றால் வெயிலில் மேற்பூச்சு சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து, உள்ளே நூல் நூலாய்த் தெரியும். விரிசலைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, தூசி போகத் துடைத்து, கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து, ரெசின் பூச வேண்டும். ரெசினோடு கோபால்ட்டும் ஹார்டனரும் சேர்ப்பார்கள். இந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

பெட்டி பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் என்றால் இந்த வேலையெல்லாம் பலிக்காது. அதில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. எம்-சீல் போட்டாலும் ஒரு வாரத்தில் தோலாய் உரிந்து வரும். சூடான காற்று அடிக்கும் துப்பாக்கியும் அதே ரகப் பிளாஸ்டிக் குச்சியும் வைத்து உருக்கி வெல்டு செய்ய வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் செலவு செய்து, கடைசியில் பெட்டியே சரியில்லை என்று தூக்கிப் போடுவதும் நடக்கிறது.

கூரையில் ஓட்டை பார்க்க ஓர் எளிய வழி. மத்தியானம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ஓட்டை இருக்கும் இடமெல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரியும். தொட்டி கசிகிறதா என்று பார்க்க, சுத்தமான தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டு வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் போதும். கீலுக்குத் துருப்பிடிக்காத ஸ்குரூ, குழாய்க்குப் புது வாஷர், காற்றுக் குழாய்க்கு ஒரு துண்டு பைப், முனையில் வலை. கடைசியாகத் தாழ்ப்பாள். கடைசியில் மாட்டினாலும் அதுதான் முதல் தேவை.

இரண்டு பேர், இரண்டு பெயர்

அந்தப் பகுதியில் வேலை நடந்த ஓர் இடத்தில் இப்படி ஒரு பழைய பெட்டியைச் சரிசெய்ய இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிளம்பர். இன்னொருவர் பக்கத்து ஊரிலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் அம்மா. அந்த அம்மா பக்கெட்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போகப் பார்த்தார். பிளம்பர் தடுத்தார்.

"இரும்மா. கொஞ்ச நேரம் காத்தாடட்டும்."

"இன்னாண்ணே, நாத்தத்துக்குப் பயந்தா வேலை ஆவுமா? பழகிடுச்சு."

"நாத்தம் வந்தா பயமில்லம்மா. வந்துக்கினு இருந்த நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா அப்பதான் ஓடணும்."

பிளம்பர் வேதியியல் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே உண்மை. கழிவு அழுகும்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறிவிட்டால் மூக்கின் உணர்வே மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைப்பார், உண்மையில் போனது மூக்கு. இன்னும் சில நூறு பங்கு ஏறினால் நினைவு தப்பும். அது காற்றைவிடக் கனமான வாயு, அதனால் தொட்டியின் அடியிலேயே தங்கும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவது இதனால்தான்.

சாயங்காலத்துக்குள் பெட்டி எழுந்து நின்றது. அந்த அம்மா கல்லாய்ப் பிடித்திருந்த கறையை எடுத்திராவிட்டால் பேனில் விரிசல் எங்கே என்றே பிளம்பருக்குத் தெரிந்திருக்காது. பிளம்பர் காற்றுக் குழாய் மாட்டியிராவிட்டால் அம்மா கழுவியது இரண்டு நாளுக்குக் கூட நின்றிருக்காது. இரண்டு வேலையும் சேர்ந்தால்தான் ஒரு வேலை. ஆனால் ரிப்பேர் சார்ஜ் என்று தனியாக ரசீது போட்டு வாங்கிப் போனவர் ஒருவர்தான். வந்தவர் யார் என்று கேட்டால், ஒருவருக்கு 'டெக்னீசியன்' என்ற பெயர். இன்னொருவருக்கு 'பாத்ரூம் கழுவுற அம்மா'. அவருக்கு அன்றைக்கும் வழக்கமான கூலிதான். கையுறை கூடப் பிளம்பர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

கெட்டுப் போனதைத் திருத்துகிறவருக்கு மரியாதை, அழுக்கானதைத் துடைக்கிறவருக்கு அவமானம். இந்தப் பிரிவினை வேலையின் கஷ்டத்தைப் பார்த்து வந்தது இல்லை. எந்த ரசாயனத்தை எதோடு கலக்கக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பது தொழில்நுட்பம் இல்லையென்றால் வேறு எதுதான் தொழில்நுட்பம்? இது சாதியிலிருந்து வந்தது. பிளம்பர் வேலைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிட்டது. மலம் கழுவும் வேலைக்கு மட்டும் இன்னமும் குறிப்பிட்ட சில தெருக்களில் போய்த்தான் ஆள் தேடுகிறார்கள்.

சட்டம் சொல்வதும் நடப்பதும்

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னும் கடுமையான ஒரு சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவி எதுவும் தராமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குகளில் இந்தச் சாவுகள் அதிகமாக நடந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது என்பது தலைகுனிய வேண்டிய விஷயம். 2017-ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் இந்த வாழ்க்கையைத்தான் காட்டியது.

இயந்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. திருவனந்தபுரம் இளைஞர்கள் செய்த பாண்டிகூட் ரோபோ 2018-லேயே வந்துவிட்டது. செப்டிக் டேங்கின் அடியில் இறுகிய கழிவை வெட்டிக் கலக்கி உறிஞ்சும் ஹோமோசெப் என்ற கருவி சென்னை ஐ.ஐ.டி.யில் உருவானது. மொபைல் டாய்லெட்டுக்கு அவ்வளவு பெரிய கருவி கூட வேண்டாம். லாரியும் நீளமான குழாயும் போதும். அந்தத் தொட்டியில் ஆள் இறங்க எந்த அவசியமும் இல்லை.

லாரி உறிஞ்சியதை எங்கே கொட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கென்றே ஒரு நிலையம் 2017-ல் தொடங்கியது. தூரம் அதிகம், டீசல் செலவு என்று ராத்திரியில் ஓடையோரம் திறந்துவிட்டால் அதுவரை செய்த சுத்தமெல்லாம் வீண். தேர்வாய் கண்டிகை மாதிரி ஏரியை ஒட்டிய ஊரில் இது இன்னும் பெரிய விஷயம். அந்த ஏரித் தண்ணீரைத்தான் சென்னை குடிக்கிறது.

முடிவாக

சுத்தமான கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் செய்கிற முதல் காரியம், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது. சித்திரை வெயிலில் செங்கல் சுமந்துகொண்டு, சாயங்காலம் வரை தாகத்தை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று என்று பின்னால் வரும் வைத்தியச் செலவுக்கு எந்த ஒப்பந்தத்திலும் கணக்கு கிடையாது. அந்தத் தாழ்ப்பாள் விலை பத்து இருபது ரூபாய் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது பெரிய காரியம் இல்லை. புதிதும் ஆறு மாதத்தில் பழையதாகிவிடும். எத்தனை பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்கு ஒரு சித்தாள் அதற்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, மூக்கைப் பொத்தாமல் வெளியே வர முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடிகிறது என்றால் அங்கே யாரோ ஒருவர் தினமும் கழுவுகிறார், யாரோ ஒருவர் உடைந்ததை மாட்டுகிறார் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் கையுறையும், ஒரே மாதிரி மரியாதையும், வேலைக்கேற்ற கூலியும் கிடைக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.